ட்ரம்பெற்றுக்குள் சுறா எண்ணெய்

உங்களில் சிலர் அன்று அந்த வெளியில் இருந்தீர்கள். மன்னார்க் கோட்டைக்குப் பக்கத்தில், சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் எறிந்துகொண்டிருந்த சனிக்கிழமை. அரசாங்க அதிபர் கந்தோர்க்காரர் கலைவிழா என்று ஒன்றை முதன்முதலாக நடத்தினார்கள். சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருஷம்போல இருக்கும். எங்கள் ஊர்ப் பாண்ட் மாஸ்டர் மேடையில் ட்ரம்பெற்றைக் கையில் பிடித்தபடி, வாசிக்க முடியாமல் நின்றார். நீங்கள் சிரித்தீர்கள். வீடு போய்ச் சேருமட்டும் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பை உங்களுக்கு வரவழைத்தவன் நான். அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பல்லெல்லாம் விழுந்துவிட்டது. இனியும் சொல்லாமல் இருந்தால் சொல்ல வாய் இராது.

தோட்டவெளிக்கு அப்பால் இருந்த எங்கள் கரையில் இரண்டு மணம் எப்போதும் இருக்கும். ஒன்று கருவாடு. மற்றது சுறா எண்ணெய். சுறாவின் ஈரலைக் காய்ச்சி, அதோடு குங்கிலியத்தைப் போட்டு இறுக்கி, வள்ளங்களுக்குப் பூசுவார்கள். பூசின வள்ளத்தை வெயிலில் விட்டால் எண்ணெய் பிசின்போலக் காய்ந்து மரத்தோடு ஒட்டிவிடும். தண்ணீர் ஏறாது. எங்கள் ஊரில் அதைக் காய்ச்சியது ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டு அம்மாவை நான் மாமி என்பேன். அவருடைய மகனை அத்தான் என்பேன், ஏனென்றால் என் அக்காவுக்கு அவரைப் பேசியிருந்தது. நான் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அக்கா தையல் மெசினில் இருந்து தலை நிமிராமல், "உனக்கு வாய் கூடிப்போச்சு" என்பாள்.

அத்தான் மாதா கோயில் பாண்டில் சின்ன ட்ரம் அடித்தார். அதோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ட்ரம்பெற்றில் விரலால் அமத்துகிற மூன்று வால்வுகள் உண்டு. அவை வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க எண்ணெய் விடவேண்டும். ஒவ்வொரு வாசிப்புப் பழக்கத்துக்கும் முன்னால் மூடியைத் திருகி, வால்வை இழுத்து, இரண்டு சொட்டு விட்டு, திரும்பப் போடுவது அத்தானின் பொறுப்பு. அதற்கு வேண்டிய மெசின் எண்ணெயை எங்கள் வீட்டில்தான் வாங்குவார். அக்கா தன் தையல் மெசினின் எண்ணெய்த் தகரத்தில் இருந்து ஒரு குட்டிப் போத்தலுக்குள் ஊற்றிக் கொடுப்பாள். அந்தப் போத்தல் நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் இருவருக்கும் அரை மணித்தியாலம் எடுத்தது. அம்மா அடுப்படியில் இருமிக்கொண்டே இருப்பா.

எனக்கு ட்ரம்பெற் பைத்தியம். கோயிலில் பழைய பியூகிள் ஒன்று நசுங்கிக் கிடந்தது. கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாமிடம் கெஞ்சி, கோயில் கூட்டிக் கொடுத்து, அதை வாங்கிக் கடற்கரையில் ஊதிப் பழகினேன். திருநாளுக்கு வாசிக்கிற மாதா பாட்டின் பாதி எனக்கு வந்துவிட்டது. பாண்டுக்கு மூன்றாம் ட்ரம்பெற் ஊத ஒரு பெடியன் தேவை என்று மாஸ்டர் சொன்னபோது, அந்த இடம் எனக்கென்றே ஆண்டவர் காலியாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மாஸ்டர் ரவுணில் கந்தோர் உத்தியோகக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்பில் பாண்டில் வாசித்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சப்பாத்து, சட்டைப்பையில் மடித்த லேஞ்சி. அன்று பள்ளிக்கூட விறாந்தையில் பெடியன்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக ஊதச் சொன்னார். என் முறை வந்தது. ட்ரம்பெற்றை வாங்கி உதட்டில் வைத்தேன். நான் காற்றை இழுக்க முன்னமே அதைப் பறித்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எடேய், இது ட்ரம்பெற். கருவாட்டுச் சிப்பமில்லை. இந்த மணம் பித்தளைக்குள்ள போனா ஆயுசுக்கும் போகாது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து கருவாடு காயப்போடுகிறவன்களும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. ட்ரம்மை மடியில் வைத்திருந்தவர், அதன் தோலை விரலால் தட்டிக்கொண்டு சொன்னார்: "இதுவும் ஆட்டுத் தோல்தான் மாஸ்டர். மழை நாளில மணக்கும். இதைமட்டும் ஏன் விட்டு வைச்சிருக்கிறியள்?"

மாஸ்டர் அடுத்த பெடியனைக் கூப்பிட்டார். அவர் மறுமொழி சொல்லாமல் விட்ட கதைகளைத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருப்பார் என்று பெரியவர்கள் பின்னால் சொன்னார்கள்.

அந்த இடம் மாஸ்டரின் மருமகனுக்குப் போனது. அதோடு விட்டிருந்தால் நானும் அழுது முடித்திருப்பேன். ஆனால் என்னைப் பெற்ற ஐயா விடவில்லை. அடுத்த நாள் கரைக்கு வந்த மீனில் மிக நல்ல விளைமீனை ஓலைப் பறிக்குள் போட்டு, அதற்குமேல் ஈரச் சாக்கை மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாஸ்டரின் மனைவி எங்களைப் பின்வாசலுக்கு வரச்சொன்னா. மீனை வாங்கி உள்ளே கொண்டுபோனா. பிறகு மாஸ்டர் வந்து கதவில் சாய்ந்து நின்று, "மீன் புதிசு. ஆனா இடம் இல்லை" என்றார்.

திரும்பி வரும்போது ஐயா வெறும் பறியைத் தோளில் மாட்டியிருந்தார். காற்றுக்கு அது அவருடைய முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. "அவர் படிச்ச மனிசன். அவருக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். நான் ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பறி தட்டுகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் மீன் அவருடைய சட்டிக்குள் போகலாம், எங்கள் கை அவருடைய பித்தளையில் படக்கூடாது. அப்படியென்றால் அந்த மணத்தையே அவருக்குக் கொடுப்பது என்று அந்த வழியில்தான் முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று சொல்லித் தப்ப மாட்டேன். கலைவிழாவுக்கு இன்னும் பல நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அந்த நினைப்பை எடுத்து, மிட்டாயைப்போல நக்கிவிட்டுத் திரும்ப வைத்தேன். வகுப்பில் கணக்குச் செய்யும்போது சிரிப்பு வரும். ஏன் சிரிக்கிறாய் என்று ரீச்சர் அடித்தா. அடியும் நோகவில்லை.

கலைவிழாவன்று காலை, மாமி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அடுப்பில் ஆறிக்கிடந்த வள்ள எண்ணெயை இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் நிரப்பி, காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று அங்கு வந்த வாத்தியங்களை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. அடம்பன் பக்கத்தில் இருந்து நாதஸ்வரக்காரர் மாட்டு வண்டிலில் வந்திருந்தார்கள். தவில்காரர் விரலில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றிக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார், மண் புகுந்துவிட்டதாம். வங்காலையில் இருந்து கூத்துக்காரர், மத்தளம் இரண்டு, தாளம் ஒரு சோடி. இராசா வேடக்காரரின் கிரீடத்தைக் காற்று கொண்டுபோக, அவர் உடுப்போடு வெளியில் மேய்ந்த கழுதைகளுக்கிடையில் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். சோனகத் தெருப் பெரியவர்கள் வட்டமாக இருந்து றபான் அடித்துப் பாடினார்கள். காற்று எவ்வளவு அடித்தும் அந்தச் சத்தம்தான் கலையாமல் நிலத்தோடு வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கோஷ்டிதான் எல்லாருக்கும் பெரிய புதினம். ஒரே நிறச் சட்டை, கிற்றார், அக்கோடியன், பொங்கோ. பைலா தொடங்கியதும் கந்தோர்ப் பியோன் ஒருவர் லேஞ்சியைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு முன்னால் இறங்க, அவருடைய மனைவி வந்து கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனா.

கடைசி நிகழ்ச்சி எங்கள் பாண்ட். வெள்ளை உடுப்பு, கழுத்தில் சிவப்புப் பட்டி. அந்தப் பட்டிகள் எல்லாம் அக்கா தைத்தவை. அத்தானுடைய பட்டியில் மட்டும் உட்புறமாகச் சின்னச் சிலுவை ஒன்று தைத்திருந்தாள். அவர் எனக்கு இரகசியமாகத் திருப்பிக் காட்டினார்.

நாதஸ்வரம் நடந்துகொண்டிருந்தபோது பாண்ட்காரர் சாப்பிடப் போனார்கள். அத்தான் ஏற்கெனவே வால்வுகளுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, ட்ரம்பெற்றைப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி பெருக்கமரத்துக்குப் பின்னால் மர வாங்கு ஒன்றின்மேல் வெயிலில் கிடந்தது. நான் மூடிகளைத் திருகினேன். அத்தானைப் பார்த்துப் பழகிய வேலை. அவர் செய்வதுபோலவே ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றிலும் ஊற்றினேன். வெளியில் வழிந்ததைச் சட்டையால் துடைத்தேன். அவர் இரண்டு சொட்டு விடுவார். நான் போத்தலை முடித்தேன். வெற்றுப் போத்தலைக் கடல்பக்கமாக எறிந்துவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெறும் மேலோடு போய்ச் சனத்துக்குள் இருந்தேன்.

மாஸ்டர் மேடையில் ஏறும்போது எண்ணெய் நன்றாக இறுகியிருந்தது. தனியாக வாசிக்கிற இடம் வந்தது. முதல் சுரம் அழகாகவே வந்தது, அது வால்வு அமத்தாமல் வருகிற சுரம். பிறகு விரலை அமத்தினார். அமத்தியது ஏறவில்லை. மற்ற விரலை அமத்தினார். அதுவும் அங்கேயே நின்றது. ஒரே சத்தம், கன்று காணாமற்போன மாடுபோல. எடுத்து உதறினார். திரும்ப வைத்தார். பாண்ட் தடுமாறியது. ஒவ்வொரு வாத்தியமாக நின்றுகொண்டு வந்தது. அத்தான் மட்டும் சின்ன ட்ரம்மை விடாமல் அடித்தார். மாஸ்டர் சரிப்படுத்தும்வரை மேடை வெறுமையாகிவிடக்கூடாது என்று அடித்தார். அதைச் சத்தியம் செய்து சொல்வேன், அவருடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கோட்டைப் பக்கத்தில் ஒரு கழுதை கத்தியது. சனத்துக்குள் இருந்து யாரோ, "மாஸ்டர், மிச்சத்தை அவர் பாக்கிறாராம்" என்றார்.

அதற்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு நாக்கிலிருந்து வயிறுவரை சீனி கரைந்து இறங்கியது. மாஸ்டரின் காது சிவந்தது. ஐயாவின் முதுகில் தட்டிய பறியை நினைத்தேன். இதற்குமேல் ஒரு சந்தோஷம் மனிதருக்குக் கிடையாது என்று நினைத்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும், உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தை நினைத்தால் அந்த இனிப்பு முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் வால்வை இழுத்து லேஞ்சியால் துடைத்தார். லேஞ்சியை மணந்து பார்த்தார். பிறகு அதை ஒவ்வொருவருடைய மூக்குக்கும் நீட்டினார். ஒருவரும் வாய் திறந்து சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் அது வள்ள எண்ணெய் என்று தெரியும். அதைக் காய்ச்சுகிற வீடு எது என்றும் தெரியும். அந்த வால்வுகளுக்கு எண்ணெய் விடுகிறவர் யார் என்றும் தெரியும். ஆட்டுத் தோல் கதையும் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. விடாமல் ட்ரம் அடித்ததுகூட மாஸ்டரைப் பகிடி பண்ணத்தான் என்று ஆயிற்று. மூக்கை நம்பிப் பிழைக்கிற சனம் நாங்கள். மீன் பழுதா நல்லதா என்று மணந்து சொல்கிறவர்கள், ஆளையும் அப்படியே சொன்னார்கள்.

அத்தான், "நான் மெசின் எண்ணெய்தான் விட்டனான்" என்றார். அப்போது அவருடைய கண் என்மேல் வந்து நின்றது. சனத்தோடு அங்கே வந்திருந்த நான் சட்டை போடாமல் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஐயா கதிரையில் இருக்காமல் நடந்துகொண்டிருந்தார். ஐயாவின் பயம் வேறு. மீனைக் கொடுத்தும் காரியம் நடக்காத ஆத்திரத்தில், வருங்கால மருமகனைத் தான்தான் ஏவிவிட்டதாக ஊர் நினைக்கும் என்று பயந்தார். தன் பெயர் சுத்தமாக வேண்டுமென்றால் அந்த வீட்டோடு உறவு இருக்கக்கூடாது என்று கணக்குப் போட்டார். அக்கா அழவில்லை. அத்தானுக்குத் தன் கையால் மெசின் எண்ணெய் ஊற்றிக் கொடுத்ததைச் சொன்னாள். ஐயா, "நீ அவனுக்குச் சாட்சியோ?" என்று கேட்டார். நான் அடுப்படிக்குள் போய், சட்டையைக் கிடுகுக் கூரைக்குள் செருகினேன். சட்டை கடலோடு போய்விட்டது என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினேன்.

கலியாண அறிவித்தல் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவின் அறிவித்தல் ஒருமுறை வாசித்தாயிற்று. அடுத்த நாள் இரண்டாவது ஞாயிறு. அக்கா பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் தலை குனிந்து இருந்தாள். ஐயா விடியவே போய்ச் சுவாமியாரைக் கண்டுவிட்டார் என்பது அவளுக்குத் தெரியாது. சுவாமியார் வேறு இரண்டு சோடிகளின் பெயரை வாசித்தார். இந்தத் திருமணங்களுக்குத் தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று, வழமைபோலச் சொன்னார். பிறகு தாளை மடித்தார். அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். இன்னும் ஒரு பெயர் மடிப்புக்குள் இருக்கிறது என்று நினைத்தவள்போல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் முழங்கால் பக்கத்தில் ஐயாவின் முழங்கால் இருந்தது. நான் எழும்பவில்லை.

அத்தான் திங்கட்கிழமை ரெயிலில் போனார். நீர்கொழும்புக் கரையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டோம். நான் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயாவிடம் போய்ச் சொல்லு என்றார். அவர் சொல்லச் சொன்ன மன்றாட்டுகளைச் சொன்னேன். ஐயாவிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அத்தான் அங்கேயே கலியாணம் முடித்துவிட்டார் என்று மாமி கிணற்றடியில் அழுதது தெருவுக்கே கேட்டது. அதற்குப் பிறகு கூரை வேய்ந்தார்கள். பள்ளிக்கூடத்தால் ஓடி வந்தேன். பழைய கிடுகெல்லாம் முற்றத்தில் எரிந்து சாம்பலாகியிருந்தது. சட்டையும் போய்விட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாஸ்டருக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். அடுத்த திருநாளுக்கு முன்னையிலும் நன்றாக வாசித்தார். வயது போய், மரியாதையோடு செத்தார். அவருடைய அடக்கத்தில் ஊர்ப் படித்தவன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். என் பழி அவருடைய லேஞ்சியைத் தாண்டிப் போகவில்லை.

அக்கா கலியாணம் கட்டவில்லை. பேசி வந்த இடங்களை ஒவ்வொன்றாக வேண்டாம் என்றாள். என் பிள்ளைகளை வளர்த்தாள். சண்டைக் காலத்தில் நாங்கள் காடு வழியே இடம்பெயர்ந்தபோது மெசினை விட்டுவிட்டு ஒரு பிஸ்கற் தகரத்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஞானஸ்நானப் பத்திரங்களாக இருக்கும் என்று நினைத்தோம். என் மனைவி இறந்தபின் நானும் அக்காவும்தான் வீட்டில்.

சென்ற மாதம் அதே வெளியில் இளம் பெடியன்களின் இசைக்குழு ஒன்று வாசித்தது. பேரன் கூட்டிப்போனான். ட்ரம்பெற் ஊதிய பெடியன் இடையில் ஒரு சின்னப் போத்தலை எடுத்து வால்வுக்கு எண்ணெய் விட்டான். இரண்டு சொட்டு. எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செதில் தட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு கையைக் கழுவி, அலுமாரியைத் திறந்து, அந்தத் தகரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

உள்ளே என் சட்டை இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெடியனின் சட்டை. முன்பக்கத்தில் எண்ணெய் பழுப்பாகக் காய்ந்து, துணி அட்டைபோல விறைத்திருந்தது.

"கூரை பிரிக்கேக்க எடுத்தனான்" என்றாள். "அவர் கலியாணம் முடிச்ச கதை வந்து ஒரு மாசம் ஆகேல்லை."

"ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன நடந்திருக்கும்? ஐயா உன்னை அடிச்சிருப்பார். நீ அழுதிருப்பாய். சின்னப் பிள்ளை எண்டு எல்லாரும் மன்னிச்சிருப்பினம். அடுத்த பெருநாளுக்கு நீயும் மறந்திருப்பாய்." கத்தியைக் கழுவித் துடைத்தாள். "உன்னை ஒருத்தரும் மன்னிக்கிறதை நான் விரும்பேல்லை."

நான் சோறு கேட்டபோதெல்லாம் போட்ட கை. காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் இருந்த கை. அத்தனை வருஷமும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து, அவள் "பேசாமல் சாப்பிடு" என்றதால் விழுங்கியிருக்கிறேன். அது பாசம் என்று எண்ணியிருந்தேன்.

சட்டையை எடுத்து மணந்து பார்த்தேன். பழந்துணி மணம் தவிர ஒன்றும் இல்லை.

"மணம் போட்டுது அக்கா" என்றேன்.

"எனக்கு மணக்குது" என்றாள்.

சட்டையை என் கையில் இருந்து வாங்கி, பழைய மடிப்பு குலையாமல் மடித்துத் தகரத்துக்குள் வைத்தாள். மூடியை அமத்தினாள். "நீ முந்திக்கொண்டால் உன்ர சவப்பெட்டிக்குள்ள வைப்பன். நான் முந்தினால் நீயே வைச்சிரு" என்றாள். பிறகு அடுப்பில் சட்டியை ஏற்றினாள்.

தகரம் இப்போது அலுமாரிக்குள் இல்லை. நான் சாப்பிடுகிற மேசையில், என் சோற்றுக் கோப்பைக்கு எதிரே வைத்திருக்கிறாள்.